மாசாய் மாரா: முதல் நாள் சாயங்காலமே உள்ளே போகலாமா? 650 டாலர் கட்டிய எங்கள் கதை

#1 செல்வி_கோவை

எல்லோருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் கென்யா போய், அங்கே மாசாய் மாரா வனவிலங்குச் சரணாலயத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், அத்தை (மாமியார், 68 வயது), மகள் (11), மகன் (6). ஆறு நாள் கதையையும் எழுத ஆசைதான். ஆனால் இந்த இழையில் முதல் நாளை மட்டும் எழுதுகிறேன். நாங்கள் கணக்கில் கோட்டை விட்டது அன்றைக்குத்தான்.

நைரோபியிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பிள்ளைகளை எழுப்பவே வேண்டியிருக்கவில்லை. கென்யா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் அங்கே நாலு மணிக்கே இரண்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டன. லிமுரு பக்கம் ஏறும்போது இரண்டு புறமும் தேயிலை, மேலே பனிமூட்டம். "பூமத்திய ரேகைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து ஊட்டியைக் காட்டறயே" என்று அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஸ்வெட்டர் எல்லாம் பெரிய பெட்டிக்குள், பெட்டி டிக்கியின் அடியில். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காலையிலும் ராத்திரியிலும் நிஜமாகவே குளிரும். ஸ்வெட்டரைக் கைப்பையில் வையுங்கள்.

பிளவுப் பள்ளத்தாக்கு தெரியும் வளைவில் வண்டியை நிறுத்தினார் டிரைவர். கீழே தரை அப்படியே இறங்கிக் கிடக்கிறது, தூரத்தில் லாங்கோனாட் எரிமலை. மகன் அதையெல்லாம் பார்க்கவில்லை. கடையில் தொங்கிய ஆட்டுத்தோல் குல்லாய்தான் அவன் கண்ணில் பட்டது. வாங்கிக் கொடுத்தோம், ஆறு நாளும் கழற்றவில்லை. மலை இறங்கும் வழியில் சாலையோரம் ஒரு குட்டி சர்ச் இருக்கிறது. 1942-இல் இந்தச் சாலையைப் போட்ட இத்தாலியப் போர்க்கைதிகள் கட்டியது. நின்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வழியில் நாரோக் என்ற ஊரில் டீ. நம் ஊர் டீயேதான், பாலில் கொதிக்க வைத்தது, பேரும் 'சாய்'. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் கழிப்பறைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு பெரிய மரச்சிற்பக் கடை, அதைத் தாண்டித்தான் எங்கேயும் போக முடியும். நாலாயிரம் ஷில்லிங் சொன்ன ஒட்டகச்சிவிங்கி பொம்மையை அத்தை தமிழிலேயே பேரம் பேசி 1,200-க்கு முடித்தார்.

அதற்கப்புறம் மாசாய் மக்களின் மாட்டு மந்தைகள், அந்த மாடுகளோடு கலந்து மேயும் வரிக்குதிரைகள் எல்லாம் வேலி இல்லாத வெட்டவெளியில் வர ஆரம்பித்தன. சரணாலயத்துக்குள் இன்னும் போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். செகெனானி வாசலுக்கு வெளியே இருந்த முகாமுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. சாப்பாடு. மகள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

இனிமேல்தான் விஷயம். ஏஜென்ட் கொடுத்த தாளில் "முதல் நாள்: மாலை கேம் டிரைவ்" (வண்டியில் சுற்றி விலங்கு பார்ப்பது) என்று இருந்தது. நுழைவுக் கட்டணம் தனி என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. வாசலில் போய் நின்றால் பெரியவர்களுக்குத் தலைக்கு 200 டாலர், மகளுக்கு 50, மகனுக்கு இல்லை. மொத்தம் 650. அந்தச் சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் செல்லும். அப்போது மணி மூன்று நாற்பது. வீட்டுக்காரர் செல்போனில் தட்டிப் பார்த்தார்: நிமிடத்துக்கு நாலரை டாலருக்கு மேல். "இப்ப வேண்டாம்னு திரும்பினா பசங்க விடுவாங்களா?" என்றார். கட்டினோம்.

இன்னொன்று, லேண்ட் க்ரூசர் (நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்) என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். வந்தது டாப் தூக்குகிற வேன். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. இது பின்னால் வரும்.

உள்ளே போன முதல் பத்து நிமிடம் ஒரே கூச்சல். வரிக்குதிரை! மான்! அதோ! அரை மணியில் வரிக்குதிரையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறையான் புற்றின் மேல் சிலை மாதிரி ஒரு மான் நின்றது. டோபி என்றார் டிரைவர். தொடையில் நீலக்கறை, காலில் மஞ்சள். "நீல ஜீன்ஸ், மஞ்சள் சாக்ஸ் போட்டவன்" என்று அவர் சொன்னதும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

திடீரென்று ரேடியோவில் யாரோ ஏதோ சொன்னார்கள். வண்டி பறந்தது. போய்ப் பார்த்தால் ஒரு புதரைச் சுற்றிப் பதினான்கு வண்டிகள் (மகள் எண்ணினாள்). புதரடியில் மூன்று பெண் சிங்கங்கள் வயிறு உப்பிக் கிடந்தன. ஒன்று மல்லாக்கப் படுத்து நாலு காலையும் காற்றில் விட்டிருந்தது. "செத்துப் போச்சாம்மா?" என்றான் மகன். கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரு காது ஒரு தடவை ஆடியது. அவ்வளவுதான். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்குமாம். நாங்கள் பார்த்தது அந்த இருபதில் ஒரு கால் மணி.

யானைக் கூட்டம்தான் அன்றைய பொழுதைக் காப்பாற்றியது. காப்பாற்றியதா, கெடுத்ததா என்று அத்தையைத்தான் கேட்க வேண்டும். அவர் பிறந்து வளர்ந்தது தொண்டாமுத்தூர் பக்கம். ராத்திரி வாழைத்தோட்டத்தில் சரசரவென்று சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்து மூச்சை அடக்கிக்கொள்கிற ஊர். பதினொரு யானைகள் நேராக எங்களைப் பார்த்து வந்தன. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தனையும் கொம்பன்டா. தம்பி, வண்டியை எடு. எடுப்பா" என்று டிரைவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "மாமா, போலே போலே" என்றார் மெதுவாக. மாமா என்றால் அவர்கள் மொழியில் அம்மா, போலே போலே என்றால் மெல்ல மெல்ல. பாட்டியை ஒருத்தர் மாமா என்று கூப்பிட்டதில் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்புறம்தான் விளக்கினார். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. வந்தது அம்மா, சித்தி, பாட்டி, குட்டிகள். கொம்பன் ஒன்றுகூட இல்லை. இதை வீட்டுக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அத்தை பிடியை விட்டார், ஆனால் கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. யானைகள் வேனின் முன்னும் பின்னுமாகப் பிரிந்து போயின. ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்கு அடியிலேயே நடந்தது. அவ்வளவு கிட்டத்தில் காதில் விழுந்தது புல்லைப் பிடுங்கும் சத்தம் மட்டும்தான். வேரோடு வரும்போது 'பர்ர்' என்று துணி கிழிகிற மாதிரி. எல்லாம் போன பிறகு அத்தை கேட்டார், "முதுகு என்ன இப்படி நடுவுல பள்ளமா இருக்குது? சோறு இல்லையா இதுக்கு?"

ஐந்து மணிக்கு மழை. அந்த மண்ணைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அச்சு அசல் கரிசல். பத்தே நிமிடத்தில் வேன் சறுக்கி ஒரு பள்ளத்தில் சாய்ந்து நின்றது. சிங்கம் படுத்திருந்த புதர் அங்கிருந்து அரை கிலோமீட்டர் இருக்கும். டிரைவர் மட்டும் இறங்கினார். எங்களை இறங்கக் கூடாது என்றார். இறங்க யாருக்கும் ஆசையும் இல்லை. முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஒரு லேண்ட் க்ரூசர் வந்து கயிறு கட்டி இழுத்தது. அதற்குள் மகன் இருக்கையிலேயே தூங்கிவிட்டான், ஆட்டுத்தோல் குல்லாயோடு.

ஆக 650 டாலருக்கு நடமாடாத மூன்று சிங்கம், பதினொரு யானை, முப்பத்தைந்து நிமிடச் சேறு. என் கேள்வி இதுதான்: ஆறு மணி நேரம் வண்டியில் வந்த அன்றே உள்ளே போவது சரியா? நான் வேண்டாம் என்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நைரோபி_சங்கர்

செல்வி மேடம், ஒன்பது வருடமாக நைரோபியில் இருக்கிறேன். வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. முன்பு மாராவில் 24 மணி நேரச் சீட்டு இருந்தது. முதல் நாள் மாலை நுழைந்தால் மறுநாள் பகல் வரை அதே சீட்டில் சுற்றலாம். "முதல் நாள் மாலை கேம் டிரைவ்" என்பது அந்தக் காலத்துத் திட்டம். சீட்டு 12 மணி நேரமாக மாறிவிட்டது, ஏஜென்டுகளின் தாள் மட்டும் மாறவில்லை.

வெளிநாட்டவருக்கு 2024 முதல் ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200. உங்கள் காலாண்டு விடுமுறை 200-இல் மாட்டிக்கொண்டது.

நான் சொல்லும் வழி: முதல் நாள் நேராக மாரா வேண்டாம். நைவாஷா ஏரியில் ஒரு ராத்திரி தங்குங்கள். நைரோபியிலிருந்து இரண்டு மணி நேரம். படகில் போய் நீர்யானை பார்க்கலாம். கிரெசென்ட் தீவில் ஒட்டகச்சிவிங்கிக்கும் வரிக்குதிரைக்கும் நடுவே காலால் நடக்கலாம், அங்கே சிங்கம் சிறுத்தை கிடையாது. காலெல்லாம் மரத்துப்போய் வண்டியிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்கு ஓட இடம் கிடைக்கும். மறுநாள் காலை மாராவுக்குக் கிளம்பி, மதியம் முகாமில் ஓய்வு. அதற்கடுத்த நாள் விடியற்காலை ஆறுக்கு வாசலில் நின்றால் பன்னிரண்டு மணி நேரமும் உங்களுடையது.

#3 காசிவிசு

650 டாலருக்கு முதுமலையில் எத்தனை ட்ரிப் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயிறு எரிகிறது.

#4 பறவைப்பித்தன்

விசு சார், முதுமலை வேனில் முக்கால் மணி நேரம் மான் பார்த்துவிட்டு வந்ததும் உங்கள் பழைய பதிவில்தான் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

செல்வி அக்கா, பறவைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. ஒன்றும் கண்ணில் படவில்லையா?

#5 செல்வி_கோவை

பட்டது. பெயர்தான் தெரியவில்லை. ஒன்று: முள்மரத்து உச்சியில், நெஞ்சு ஊதா, இறக்கை நீலம், பறக்கும்போது ஜொலித்தது. இரண்டு: கொக்கு மாதிரி உயரக் கால், கழுகு மூக்கு, பின்மண்டையில் பேனா சொருகியது போல இறகுகள், புல்லில் வாக்கிங் போவது போல நடந்தது. மூன்று: அத்தை "பொட்டை மயில்" என்றார், ஆனால் மயிலைவிடப் பெரிது. கழுத்து சாம்பல் நிறம்.

#6 பறவைப்பித்தன்

ஒன்று நம் பனங்காடையின் பங்காளி. ஊதாநெஞ்சுப் பனங்காடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது கோவை மின்கம்பிகளிலேயே உட்கார்ந்திருக்கும், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

இரண்டு, செக்ரட்டரி பறவை. காலால் பாம்பை மிதித்தே கொல்லும். முதல் நாளே அதைப் பார்த்தது உங்கள் அதிர்ஷ்டம்.

மூன்றாவதற்கு அத்தைக்கு ஒரு சலாம். அது கோரி பஸ்டர்ட், நம் கானமயிலின் நெருங்கிய சொந்தம். ஆப்பிரிக்காவில் பறக்கும் பறவைகளிலேயே எடை மிகக் கூடியது இதுதான். கானமயில் தமிழ்நாட்டை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. உங்கள் அத்தை மயில் என்று சொன்னதில் பாதி சரி.

சிங்கத்தோடு சேர்த்து இதையெல்லாம் கணக்கில் எழுதினால் 650 அவ்வளவு மோசமில்லை.

#7 ஜோபர்க்_மணி

நான் தென்னாப்பிரிக்கா பக்கம். இங்கே க்ரூகர் தேசியப் பூங்காவில் கதையே வேறு. சொந்தக் காரையோ வாடகைக் காரையோ எடுத்துக்கொண்டு நாமே ஓட்டலாம். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம், அதைத் தாண்டினால் அபராதம். பிள்ளை அழுதால் திரும்பலாம், தூங்கினால் ஓரமாக நிறுத்தலாம், யாருடைய அட்டவணையும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: பூங்காக்காரர்களின் திறந்த ஜீப்பில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள்.

ஆனால் நாமே ஓட்டும்போது சிங்கத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும். என் முதல் நாளில் நாலு மணி நேரம் ஓட்டி நான் கண்டது இம்பாலா மான், இம்பாலா மான், இன்னும் கொஞ்சம் இம்பாலா மான். மனைவி பேசவே இல்லை.

#8 டாக்டர்_உமா

அத்தைக்கு 68 என்று படித்ததும் ஒரு விஷயம் தோன்றியது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எப்படிச் சமாளித்தீர்கள்? கென்யாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்தில் தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆனால் 60 தாண்டியவர்களுக்கு முதல் முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள், பின்பு அல்ல.

மலேரியா மாத்திரையும் அப்படித்தான். பெரியவர்களுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை, அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

#9 செல்வி_கோவை

டாக்டரம்மா, நல்ல வேளை கேட்டீர்கள். எங்கள் குடும்ப டாக்டர் அத்தைக்கு எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்து, போடலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் போட்டோம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில். ஊசிக்காகவே குடும்பத்தோடு ஒரு ராத்திரி ரயில். அத்தைக்கு இரண்டு நாள் கை வலி, வேறொன்றும் இல்லை. அந்த மஞ்சள் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லுமாம், பாஸ்போர்ட்டோடு ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

#10 மயிலை_மாமி

செல்வி, நாங்கள் சுத்த சைவம். அங்கே எதை நம்பிப் போவது? இங்கிருந்தே புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கட்டிக்கொண்டு போக வேண்டுமா? அப்புறம், கேட்கச் சங்கடமாக இருக்கிறது, உள்ளே போனால் பாத்ரூமுக்கு என்ன வழி?

#11 நைரோபி_சங்கர்

மாமி, சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். சப்பாத்தி இங்கே கென்யாக்காரர்களின் சாப்பாடு, பெயரும் சப்பாத்திதான். ரயில்பாதை போட வந்த நம்மவர்கள் காலத்திலிருந்து ஊறிப்போனது. 'ன்டெங்கு' என்று கேளுங்கள், பச்சைப்பயறுக் குழம்பு வரும், பெரும்பாலும் தேங்காயோ தக்காளியோ போட்டு. 'சுகுமா' என்பது கீரைப் பொரியல். 'கிதேரி' மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்தது, ஆனால் சில இடங்களில் அதில் கறி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொன்னால் முகாம்களில் தனியாகச் செய்து தருவார்கள். புளிக்காய்ச்சலை ஆசைக்கு வேண்டுமானால் எடுத்து வாருங்கள்.

பிளாஸ்டிக் கவரில் மட்டும் கட்டாதீர்கள். 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. ஒருமுறை குடித்துப் போடும் தண்ணீர் பாட்டிலுக்குக் காட்டுக்குள் 2020 முதல் தடை. டப்பாவும் எவர்சில்வர் பாட்டிலும் கொண்டு வாருங்கள்.

#12 செல்வி_கோவை

மாமி, இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். வாசலில் கழிப்பறை உண்டு. உள்ளே மணிக்கணக்கில் கிடையாது. அவசரம் என்றால் டிரைவர் நாலு பக்கமும் நன்றாகப் பார்த்து, வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, "டயரைப் பார்க்கணுமா?" என்பார். வண்டிக்குப் பின்னால்தான் எல்லாம். புதர் பக்கம் போகவே கூடாது. அத்தை முதல் நாள் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை, ராத்திரி தலைவலி வந்துவிட்டது. மறுநாள் நான் பழைய காட்டன் சேலை ஒன்றை எடுத்துப் போய் மறைப்பாகப் பிடித்தேன். நீங்களும் ஒன்று எடுத்துப் போங்கள், நான்கு பேருக்கு உதவும்.

#13 ராகவன்_லென்ஸ்

மன்னிக்கணும் செல்வி மேடம், சங்கர் சார். முழுக்க உடன்பட மாட்டேன். மாலை நாலு முதல் ஆறு வரைதான் மாராவின் உயிரே இருக்கிறது. வெயில் சாய்கிறது, பூனை ஜாதி எழுந்து சோம்பல் முறிக்கிறது, வெளிச்சம் தேன் மாதிரி வருகிறது. பகல் பதினொன்று முதல் மூன்று வரை என்ன இருக்கிறது, தூங்குகிற சிங்கமும் கானலும். அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான் மூன்று முறை போயிருக்கிறேன்.

மேடம் பட்ட பாட்டுக்குக் காரணம் மாலை நேரமே இல்லை. வேன்! கரிசல் மண்ணில் மழை நாளில் வேனை இறக்கியது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்திருந்தால் அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் சிங்கம் எழுந்து நடந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, பதினான்கு வண்டி. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. யாரும் மதிப்பதில்லை. அடுத்த முறை சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கன்சர்வன்சி பக்கம் தங்குங்கள். நபோய்ஷோ, மாரா நார்த், ஒலாரே மோட்டோரோகி. மாசாய் மக்களின் சொந்த நிலம், குத்தகைப் பணம் அவர்களுக்கே போகிறது. வண்டி குறைவு, பாதையை விட்டு இறங்கி ஓட்டலாம், இருட்டிய பிறகும் சுற்றலாம். பணம் கூடுதல்தான், மறைக்கவில்லை.

#14 நைரோபி_சங்கர்

ராகவன் சார், நீங்கள் கேமராவோடு தனியாகப் போகிறவர். இவர் ஆறு வயதுப் பிள்ளையும் 68 வயது அத்தையுமாகப் போனவர். அந்தப் பொன்னான வெளிச்சத்தில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான், படித்தீர்களா இல்லையா? மாலை இரண்டு மணி நேரம் வேண்டுமென்றால் முழு நாள் சீட்டு எடுத்த அன்று அதே மாலை கிடைக்கிறதே. தனியாக 650 எதற்கு?

#15 ராகவன்_லென்ஸ்

அந்தக் கணக்கு சரிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அந்தப் பையன் வண்டியில் உட்காருவான் என்று நினைக்கிறீர்களா? பன்னிரண்டு மணி நேரச் சீட்டு யாருக்கு லாபம் என்றால் என்னைப் போன்ற பைத்தியங்களுக்குத்தான். குடும்பக்காரர்கள் காலையில் நாலு மணி நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட, தூங்க முகாமுக்கு வருவார்கள், திரும்ப மாலையில் போவார்கள். ஒரே சீட்டில் வாசலுக்கு வெளியே வந்து மறுபடி உள்ளே போக விடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முகாமைப் பிடியுங்கள். முகாம் உள்ளேயா வெளியேயா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

#16 செல்வி_கோவை

ராகவன் சார் சொல்வது உண்மை. இரண்டாம் நாள் நாங்கள் உள்ளேயே சாப்பாட்டு டப்பாவோடு இருந்தோம். ஒரு மணிக்கு மேல் பிள்ளைகள் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மாரா ஆற்றங்கரையில் கைடு வழிகாட்டிய இடத்தில் கொஞ்சம் இறங்கி நின்ற பிறகுதான் அமைதி வந்தது.

வேன் விஷயத்தில் வீட்டுக்காரர் ராகவன் சார் கட்சி. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று இதைப் படித்துவிட்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். அவர் சொல்லவில்லை.

#17 தமிழ்ப்பிரியன்

ஒரு சின்ன விஷயம். கென்யாவில் பேசும் சுவாஹிலியில் சிங்கத்துக்கு 'சிம்பா' என்கிறார்கள். நம் சிம்மத்திலிருந்து போன சொல்தானே? கடல் வணிகம்!

#18 நைரோபி_சங்கர்

ஆசை நல்ல ஆசைதான் தம்பி, ஆனால் இல்லை. சிம்பா ஆப்பிரிக்காவின் பான்டு மொழிக் குடும்பத்துச் சொல், ஒலி ஒத்துப்போனது தற்செயல். நம் பக்கத்திலிருந்து நிஜமாகவே வந்த சொற்கள் வேறு இருக்கின்றன: வண்டிக்கு 'காரி', கடைக்கு 'டூகா', பணத்துக்கு 'பெசா'. கென்யாக்காரர்கள் செல்போனில் பணம் அனுப்பும் எம்-பெசாவில் இருப்பது நம் பைசாதான்.

#19 தமிழ்ப்பிரியன்

சரி, அப்படியானால் இன்னொன்று. செல்வி அக்கா எழுதும்போது ஒட்டகச்சிவிங்கி, சிவிங்கிப்புலி என்று தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். பாதிப்பேர் சீட்டாவையும் லெப்பர்டையும் 'சிறுத்தை' என்றே எழுதுகிறார்கள். சிவிங்கி என்பது சீட்டா. ஒட்டகத்தின் உடம்பும் சிவிங்கியின் புள்ளியும் சேர்ந்ததால் ஒட்டகச்சிவிங்கி. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைக்கிற இடத்துக்குப் போய் வந்திருக்கிறீர்கள்.

#20 செல்வி_கோவை

அட! இதை மகளிடம் சொன்னேன். மூன்றாம் நாள் சிவிங்கிப்புலி பார்த்தோம், கண்ணிலிருந்து வாய்வரை மைக்கோடு இழுத்த முகம். "அப்ப ஒட்டகச்சிவிங்கிக்கு ஏன் அந்த மைக்கோடு இல்ல?" என்று கேட்கிறாள். பதில் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள்.

#21 திருச்சி_கவி

எல்லாவற்றையும் படித்தேன். பிள்ளைகளுக்கு மே மாதம்தான் முழு விடுமுறை. அப்போது போனால் கட்டணமும் பாதிதானே? போகலாமா?

#22 நைரோபி_சங்கர்

ஏப்ரல், மே இங்கே பெருமழைக் காலம். செல்வி மேடம் ஒரு மழையில் மாட்டியதை நீங்கள் தினமும் மாட்டுவீர்கள். சில முகாம்களை மூடியே விடுவார்கள். கூட்டம் இருக்காது, பச்சைப்பசேல் என்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும், சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாது. மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்றால் யோசிக்கலாம், அதுவும் லேண்ட் க்ரூசரில் மட்டும். வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆசை என்றால் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் வர வேண்டும், 200 கட்ட வேண்டும்.

ரோடே வேண்டாம் என்றால் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து குட்டி விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் மாரா. தலைக்கு 15 கிலோ, அதுவும் மெத்தென்ற பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியோடு போய் நிற்காதீர்கள்.

#23 திருச்சி_கவி

நன்றி சார். செல்வி அக்கா, கடைசியாக ஒன்று. பைனாகுலர் வாங்க வேண்டுமா? வாங்கினால் எது? ஒரு தடவைக்காகப் பணத்தைப் போட மனசு வரவில்லை.

#24 செல்வி_கோவை

வாங்குங்கள் கவி. நாங்கள் வாங்கியது 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது. பத்து மடங்கு வாங்கினால் ஆடுகிற வண்டியில் கை நடுங்கி ஒன்றும் தெரியாது என்று கடைக்காரரே சொன்னார். ஐந்து பேருக்கு ஒன்று பத்தாது, முதல் நாள் அதற்கும் ஒரு சண்டை நடந்தது. குறைந்தது இரண்டு வாங்குங்கள்.

ஒரு தடவைக்குத்தானா என்று கேட்டீர்களே. எங்களுடையது இப்போது வீட்டில் இல்லை. அத்தை ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போய்விட்டார். போன வாரம் தோட்டத்துப் பக்கம் ஒற்றை யானை வந்திருக்கிறது. எல்லோரும் விளக்கை அணைத்துக்கொண்டு உள்ளே இருக்க, இவர் மட்டும் மொட்டை மாடியில் நின்று நிலா வெளிச்சத்தில் பைனாகுலரை வைத்துப் பார்த்திருக்கிறார். ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குப் போன். "செல்வி, நல்லா பாத்துட்டேன். இதுக்கு முதுகு மேடாத்தான் இருக்குது."